குழந்தை பிறந்ததும் டபிள்யூ-4 மாற்றுவது எப்படி: அமெரிக்காவில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கான முழு வழிகாட்டி

எங்கள் மகள் 2022 அக்டோபரில் பிறந்தாள். டிசம்பர் கடைசியில், லீவு முடிவதற்குள் பாக்கி வேலைகளை எல்லாம் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்து, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று ஆபீஸுக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை ஆபீஸ் போர்ட்டலில் திறந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட ‘சிங்கிள்’ அப்படியே கிடந்தது. அதை ‘மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி’ (தம்பதி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்வது) என்று மாற்றி, குழந்தைக்காக அப்போது இருந்த 2,000 டாலரையும் எழுதினேன். மனைவியும் அவள் ஆபீஸில் அதையே செய்தாள். அடுத்த சம்பளத்திலிருந்தே இருவர் கைக்கும் கூடுதலாகப் பணம் வந்தது, டயப்பருக்கும் பால் பவுடருக்கும் ஆகும் என்று சந்தோஷப்பட்டோம். 2023-ஆம் வருடக் கணக்கை 2024 மார்ச்சில் தாக்கல் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கட்ட வேண்டிய பாக்கி 12,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே, கூடவே குறைவாகப் பிடித்ததற்கான அபராதம்.

அன்று நாங்கள் செய்த இரண்டு தவறுகளையும் இப்போதும் நண்பர்கள் வீடுகளில் அப்படியே பார்க்கிறேன். குழந்தை பிறந்தால் எல்லோர் கண்ணும் படிவத்தின் ஸ்டெப் 3-க்குத்தான் போகிறது, அங்கேதான் குழந்தைக்கான டாலர் எழுத இடம் இருக்கிறது. ஆனால் இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் பெரிய பணம் ஸ்டெப் 2-இல் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் 2026-ஆம் வருடத்துக்கானவை.

முதலில், குழந்தை வந்ததால் உண்மையில் என்ன மாறுகிறது

17 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு சைல்ட் டேக்ஸ் கிரெடிட் 2,200 டாலர். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில்தான் 2,000 என்பது 2,200 ஆனது. இது வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை இல்லை, கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிவது. குழந்தை ஜனவரி 2-இல் பிறந்தாலும் டிசம்பர் 31 இரவு பிறந்தாலும் அந்த வருடத்துக்கு முழு 2,200 உண்டு, மாதக் கணக்கில் பிரிக்க மாட்டார்கள். இருவரின் வருமானம் சேர்ந்து 4 லட்சம் டாலரைத் தாண்டினால் அதற்கு மேலே ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 50 டாலர் வீதம் குறையும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குபவருக்கு 2,200 டாலர் என்பது ஒரு பேசெக்குக்கு 84 டாலர் 62 சென்ட். அவ்வளவுதான். குழந்தைக்காக டபிள்யூ-4 மாற்றியதும் ஒரு பேசெக்கில் 300, 400 டாலர் கூடுகிறது என்றால் வேறு எதுவோ மாறியிருக்கிறது என்று அர்த்தம், அது பெரும்பாலும் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதமும் மெடிகேர் 1.45 சதவீதமும் குழந்தை வந்தாலும் மாறாது, டபிள்யூ-4-இல் எதை எழுதினாலும் மாறாது. நாம் தொடப் போவது ஃபெடரல் வருமான வரிப் பிடித்தத்தை மட்டும்.

கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

இருவரின் கடைசி பேஸ்டப் (சம்பளச் சீட்டு), போன வருட டேக்ஸ் ரிட்டர்ன், இருவரும் இதற்கு முன் கொடுத்த டபிள்யூ-4 இரண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் தேடுவதில்லை, ஆனால் ஹெச்ஆர் போர்ட்டலில் ‘டேக்ஸ்’ பக்கத்தில் அது இருக்கும். இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது?

குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டபிள்யூ-4-இல் குழந்தையின் பெயரோ எண்ணோ கேட்பதில்லை, தொகை மட்டும்தான். ஆனால் வருட முடிவில் ரிட்டர்னில் கிரெடிட் வாங்க அந்த எண் கட்டாயம் வேண்டும், அதுவும் ரிட்டர்ன் போடக் கடைசித் தேதிக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் பிறப்புச் சான்றிதழ் விவரங்களை எழுதும்போதே குழந்தைக்கு எண் வேண்டுமா என்று கேட்பார்கள், ‘ஆமாம்’ என்று டிக் செய்துவிடுங்கள். விட்டுவிட்டால் எஸ்எஸ்-5 படிவத்தோடு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போய் நிற்க வேண்டும்.

ஸ்டெப் 1: திருமண நிலை

இங்கே ஒரு குழப்பம் உண்டு. டபிள்யூ-4-இல் ‘சிங்கிள்’ என்று இருந்தால் ரிட்டர்னிலும் சிங்கிளாகத்தான் போட வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டபிள்யூ-4 என்பது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று உங்கள் ஆபீஸுக்குச் சொல்லும் குறிப்பு. கல்யாணமானவர் அங்கே ‘சிங்கிள் அல்லது மேரீட் ஃபைலிங் செபரேட்லி’ என்ற கட்டத்தையே வைத்திருந்து, ஏப்ரலில் கணவன் மனைவி சேர்ந்து ஜாயின்ட் ரிட்டர்ன் போடலாம், தவறே இல்லை.

நாங்கள் 2022 வரை அறியாமலே சரியாக இருந்தது இதனால்தான். இருவரும் சிங்கிள் என்று விட்டுவைத்திருந்தோம், பிடித்தம் சரியாக நடந்தது. ‘முறைப்படி’ மாற்றுகிறேன் என்று மேரீட் ஆக்கிய அன்றுதான் கணக்கு உடைந்தது. ஏன் என்பது அடுத்த ஸ்டெப்பில்.

ஒரு எச்சரிக்கை. எஃப்-1 மாணவர் விசாவில் ஓபிடி-யில் (படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி) வேலை பார்ப்பவர் வரிக் கணக்குக்கு இன்னும் நான்ரெசிடென்ட்டாக இருக்கலாம். அவருக்கு டபிள்யூ-4 விதிகளே வேறு, மேரீட் ஜாயின்ட் கட்டத்தைத் தொடக்கூடாது. இந்த வழிகாட்டி ஹெச்-1பி, ஹெச்-4 ஈஏடி (வேலை அனுமதி அட்டை), கிரீன் கார்டு, குடியுரிமை என்று வரிக்கு ரெசிடென்ட்டாக இருக்கும் இருவருக்கானது.

ஸ்டெப் 2: பணம் இருக்கும் இடம்

மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி என்று மட்டும் டிக் செய்து ஸ்டெப் 2-ஐ வெறுமையாக விட்டால், உங்கள் ஆபீஸின் பேரோல் (சம்பளக் கணக்குப் பிரிவு) என்ன நினைக்கிறது தெரியுமா? இந்த வீட்டில் இந்த ஒரு சம்பளம்தான் வருகிறது என்று. அதனால் தம்பதியின் வருமானத்தில் வரி போடாமல் விடும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 டாலர் முழுவதையும் கழிக்கிறது, 10 சதவீதம், 12 சதவீதம் அடுக்குகளையும் முழுதாக உங்களுக்கே கொடுக்கிறது. உங்கள் மனைவியின் ஆபீஸும் அதே 32,200-ஐ, அதே அடுக்குகளை, இன்னொரு முறை கொடுக்கிறது. ரிட்டர்னில் இதெல்லாம் ஒரே ஒரு முறைதான் உண்டு.

எண்ணில் பார்க்கலாம். கணவர் சம்பளம் 1,20,000, மனைவி சம்பளம் 95,000. சேர்ந்து 2,15,000. இதில் 32,200 போக 1,82,800-க்கு வரி. தம்பதிக்கு முதல் 24,800-க்கு 10 சதவீதம், 1,00,800 வரை 12 சதவீதம், 2,11,400 வரை 22 சதவீதம். ஆக 2,480 + 9,120 + 18,040 = 29,640 டாலர். குழந்தைக்கான 2,200 போக 27,440. இதுதான் அந்த வீட்டின் உண்மையான வரி.

இருவரும் மேரீட் என்று மட்டும் போட்டிருந்தால் கணவர் ஆபீஸ் வருடத்துக்குப் பிடிப்பது 10,040. மனைவி ஆபீஸ் 7,040. இரண்டும் சேர்ந்து 17,080. இருவரும் தனித்தனியாகக் குழந்தைக்கு 2,200 என்றும் எழுதிவிட்டால் 12,680-தான். கட்ட வேண்டியது 27,440, பிடித்தது 12,680. ஏப்ரலில் 14,760 டாலர் கொண்டு வா என்பார்கள். இதில் குழந்தைக்கான தொகையை இரண்டு முறை எழுதியதன் பங்கு வெறும் 2,200. மீதி 12,560-உம் ஸ்டெப் 2-ஐ விட்டதால் வந்தது.

இதைச் சரிசெய்ய படிவமே மூன்று வழி தருகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எளிதானது 2சி, ஒரு சின்ன செக்பாக்ஸ். வீட்டில் மொத்தம் இரண்டே வேலை, இரண்டு சம்பளமும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் இதை டிக் செய்யலாம். குறைந்த சம்பளம் அதிக சம்பளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். முக்கியம்: இருவர் படிவத்திலும் டிக் இருக்க வேண்டும். டிக் செய்ததும் டிடக்‌ஷனும் வரி அடுக்குகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரியும். மேலே சொன்ன வீட்டில் கணவருக்கு 17,570, மனைவிக்கு 12,070, கூட்டினால் 29,640. ஒரு டாலர்கூட வித்தியாசமில்லாமல் உண்மையான வரியோடு பொருந்துகிறது. இருவரின் சம்பளமும் 22 சதவீத அடுக்குக்குள் முடிவதால் இவ்வளவு துல்லியம்.

ஆனால் ஒருவர் 1,50,000, இன்னொருவர் பகுதிநேரமாக 30,000 என்றால் இதே செக்பாக்ஸ் அதிகமாகப் பிடிக்கும். அந்த வீட்டின் வரி, குழந்தைக்கு முன், 21,940. 2சி டிக் செய்தால் பிடிப்பது 26,154. நாலாயிரத்துச் சொச்சம் டாலரை வருடம் முழுக்க அரசிடம் சும்மா கொடுத்து வைக்கிறீர்கள், டே கேர் கட்டணம் கட்டும் வீட்டில் அது பெரிய பணம். இவர்களுக்கு 2பி, அதாவது படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் உள்ள மல்டிபிள் ஜாப்ஸ் ஒர்க்‌ஷீட் நல்லது. அதற்கான அட்டவணையில் அதிக சம்பளம் ஒரு பக்கம், குறைந்த சம்பளம் ஒரு பக்கம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு தொகை இருக்கும். அதை வருடத்தில் எத்தனை பேசெக் என்பதால் வகுத்து, அதிகம் சம்பாதிப்பவரின் படிவத்தில் மட்டும் 4சி-யில் (பேசெக்குக்குக் கூடுதல் பிடித்தம் எழுதும் கட்டம்) எழுத வேண்டும்.

அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் அட்டவணையே தேவைப்படாது. 1,50,000 சம்பாதிப்பவர் டிடக்‌ஷனையும் கீழ் அடுக்குகளையும் தானே நிரப்பிவிட்டார். அதற்கு மேல் அடுக்கப்படும் 30,000 முழுவதும் 22 சதவீதத்தில் விழுகிறது: 6,600 டாலர். 30,000 சம்பாதிப்பவரின் ஆபீஸோ ஒரு டாலரும் பிடிக்காது, ஏனென்றால் 32,200-க்குள் சம்பளம் அடங்கிவிட்டது. ஆக 6,600-ஐ வருடத்தின் 26 பேசெக்கால் வகுத்து, பேசெக்குக்கு 254 டாலர் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் கணக்கு நேராகிவிடும்.

மூன்றாவது வழி ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) தளத்தில் உள்ள டேக்ஸ் வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டர். பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண் எதுவும் கேட்காது, லாகின் கிடையாது. வருட நடுவில் மாற்றுபவருக்கு இதுதான் சிறந்தது, ஏனென்றால் இதுவரை பிடித்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேஸ்டப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். கம்பெனிக்கு மனைவி எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு வாங்குகிறார் என்று காட்டிக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்கும் இது உதவும், ஏனென்றால் கடைசியில் 4சி-யில் ஒரு தொகையாக மட்டும் எழுதினால் போதும்.

ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீடு, உதாரணமாக ஹெச்-4-இல் ஈஏடி இல்லாத மனைவி, என்றால் ஸ்டெப் 2-ஐத் தாண்டிப் போய்விடலாம். மேரீட் ஜாயின்ட் போதும்.

ஸ்டெப் 3: குழந்தைக்கான தொகை, ஒரே ஒரு படிவத்தில்

ஒரு குழந்தை என்றால் 2,200, இரட்டையர் என்றால் 4,400. இதை இருவரில் ஒருவர் மட்டும் எழுத வேண்டும், அதிக சம்பளம் வாங்குபவர் எழுதுவது நல்லது. மற்றவர் ஸ்டெப் 3-ஐ வெறுமையாக விட வேண்டும். இதற்கு முன் யாராவது எழுதியிருந்தால் அதை அழித்துப் புதுப் படிவம் கொடுக்க வேண்டும்.

வருட நடுவில் மாற்றினால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேரோல் 2,200-ஐ 26-ஆல் வகுத்து, பேசெக்குக்கு 84.62 என்றுதான் குறைக்கும், மிச்சமுள்ள பேசெக்குகளில் முழுத் தொகையையும் அடைக்காது. ஜூலையில் குழந்தை பிறந்து 12 பேசெக் மிச்சமிருந்தால் இந்த வருடம் கைக்கு வருவது 1,015 டாலர், மீதி ரிட்டர்னில் சேரும். அது எங்கேயும் போகாது. இந்த வருடமே முழுதும் வேண்டும் என்று ஸ்டெப் 3-இல் 4,000, 5,000 என்று ஏற்றி எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் மறக்காமல் மீண்டும் 2,200-க்கு இறக்குவேன் என்று உறுதியாக இருந்தால் மட்டுமே அது சரிப்படும், கைக்குழந்தை உள்ள வீட்டில் ஜனவரியில் எதுவும் ஞாபகம் இருக்காது என்பது என் அனுபவம். வேண்டாம் என்றே சொல்வேன்.

நம் வீடுகளில் வழக்கமாக வரும் மூன்று கேள்விகள்.

பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் இருக்கிறார், அவரை டிபென்டன்ட் (நம்மைச் சார்ந்திருப்பவர்) என்று 500 டாலருக்கு எழுதலாமா? பொதுவாக முடியாது. டிபென்டன்ட் ஆக இருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ வரிக்கு ரெசிடென்ட்டாகவோ, அல்லது கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்து போகும் பெற்றோர் சாதாரணமாக இதில் வர மாட்டார்கள். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதற்கும் இதே பதில்தான்.

மூத்த பிள்ளை சென்னையில் பிறந்து ஹெச்-4-இல் இங்கே நம்மோடு இருக்கிறான், அவனுக்கும் 2,200 உண்டா? வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், அது கிடைக்காதவர்களுக்கு வரித் துறை தரும் ஐடிஐஎன் மட்டும் இருந்தால் 2,200 கிடையாது, 500 டாலர் உண்டு. ஸ்டெப் 3-இல் இரண்டாவது வரியில் அதை எழுத வேண்டும். ஆக இங்கே பிறந்த பாப்பாவுக்கு 2,200, அண்ணனுக்கு 500, மொத்தம் 2,700.

மனைவிக்கு ஐடிஐஎன் மட்டும்தான் இருக்கிறது, கிரெடிட் போய்விடுமா? போகாது. ஜாயின்ட் ரிட்டர்னில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்காவது சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் போதும்.

ஸ்டெப் 4: ஊர் வட்டியும் ஆர்எஸ்யூ-வும்

4ஏ என்பது சம்பளம் அல்லாத வருமானம். என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அமெரிக்கா ரெசிடென்ட்டிடம் உலகத்தில் எங்கே வரும் வருமானத்துக்கும் வரி கேட்கிறது, என்ஆர்இ வட்டியும் என்ஆர்ஓ வட்டியும் ஊரில் உள்ள வீட்டு வாடகையும் இதில் சேரும். வருடத்துக்கு 3,000 டாலர் வட்டி வரும் என்றால் 4ஏ-யில் 3,000 என்று எழுதினால் பேரோலே அதற்கான வரியைச் சேர்த்துப் பிடித்துவிடும். இதையும் ஒருவர் படிவத்தில் மட்டும்.

கழிவுகளுக்கான 4பி-யை முக்கியமாக ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தாண்டும் அளவுக்கு வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி என்று இருப்பவர்கள் பார்க்க வேண்டும். 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு), மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இவற்றை இங்கே எழுதாதீர்கள், பேரோல் ஏற்கெனவே கழித்துவிட்டது.

ஆர்எஸ்யூ (கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்கு) வெஸ்ட் ஆகிக் கைக்கு வரும்போதும் போனஸ் வரும்போதும் பெரும்பாலான கம்பெனிகள் சமமாக 22 சதவீதம் பிடிக்கும். உங்கள் வீடு 24 சதவீத அடுக்கில் இருந்தால் குறைவது இரண்டு சதவீதம், கவலை வேண்டாம். வரிக்குரிய வருமானம் 4,03,550-ஐத் தாண்டி 32 சதவீதத்துக்குப் போய்விட்டால் 1,00,000 டாலர் பங்குக்கு 10,000 டாலர் குறையும். அதைப் பேசெக்குகளுக்குப் பிரித்து 4சி-யில் எழுதுங்கள்.

லீவு, வேலையை விடுவது, திரும்பிச் சேர்வது

குழந்தை பிறந்த வருடத்தில் சம்பளம் சமமாக வருவதில்லை, அதனால் பழைய கணக்கு எதுவும் நேராக ஓடாது.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாநிலம் தரும் ஃபேமிலி லீவு பணத்துக்கு மாநில வரி இல்லை, ஃபெடரல் வரி உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் அதில் பிடித்தமும் இருக்காது. 8,000 டாலர் அப்படி வந்து நீங்கள் 22 சதவீத அடுக்கில் இருந்தால் 1,760 டாலர் தனியாக ஒதுக்க வேண்டும், அல்லது அந்த 8,000-ஐ 4ஏ-யில் சேர்க்க வேண்டும்.

மனைவி குழந்தைக்காக வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே பார்த்த அதே வீட்டில், ஜூன் கடைசியில் வேலையை விட்டால் வருட வருமானம் 1,67,500, குழந்தைக்கு முன் வரி 19,190. கணவர் 2சி டிக்கை அப்படியே விட்டுவைத்தால் வருடத்தில் பிடித்தது 23,605 ஆகிவிடும், ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டிலிருந்து 4,415 டாலர் வீணாகப் போய் நிற்கும். ஜூலையிலேயே கணவர் அந்த டிக்கை எடுத்துவிட்டால் மொத்தப் பிடித்தம் 19,840, கிட்டத்தட்ட சரி.

ஆனால் அவர் திரும்ப வேலைக்குச் சேரும் நாளில் இருவரும் மீண்டும் டிக் செய்ய வேண்டும். புது ஆபீஸில் சேரும்போது மனைவி புது டபிள்யூ-4 எப்படியும் கொடுப்பார், அங்கே கவனமாக இருப்பார். கணவர்தான் தன் படிவத்தை மாற்ற மறந்துவிடுவார். ஆஃபர் லெட்டர் வந்த அன்றே இருவரும் சேர்ந்து மாற்றிவிடுங்கள்.

முப்பது நாள் கெடு

குழந்தைக்காக டபிள்யூ-4-ஐ எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதற்குக் கெடு கிடையாது. ஆனால் குழந்தையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கவும் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (டே கேர் செலவுக்குச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு) தொடங்கவும் ஆபீஸில் வழக்கமாகப் பிறந்த நாளிலிருந்து 30 நாள்தான். அதனால் முதல் மாதத்தில் ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருந்தால் காப்பீட்டைச் செய்யுங்கள், டபிள்யூ-4 அடுத்த மாதம் ஆகட்டும்.

டே கேருக்கு அனுப்பப் போகிறவர்கள் எஃப்எஸ்ஏ-வை விடாதீர்கள். 2025 வரை 5,000 டாலராக இருந்த வரம்பு 2026-இல் 7,500 ஆகியிருக்கிறது. இந்தப் பணத்துக்கு வருமான வரியும் இல்லை, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேரும் இல்லை. 22 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 7,500-இல் மிச்சமாவது ஏறக்குறைய 2,224 டாலர், குழந்தைக்கான கிரெடிட்டைவிடக் கொஞ்சம் அதிகம்! எஃப்எஸ்ஏ எடுக்காமல் ரிட்டர்னில் டே கேர் கிரெடிட் வாங்கினால், மேலே பார்த்த வீட்டின் 2,15,000 வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 3,000-இல் 20 சதவீதம், அதாவது 600 டாலர். இரண்டையும் ஒரே செலவுக்கு வாங்க முடியாது. பொதுவாக இருவரும் வேலை பார்க்கும் வீட்டுக்குத்தான் எஃப்எஸ்ஏ பொருந்தும், சில கம்பெனிகளில் சம்பளம் அதிகம் உள்ளவர்களுக்கு வரம்பைக் குறைத்துவிடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதையும் டபிள்யூ-4-இல் எழுத வேண்டியதில்லை.

மாநிலப் படிவம் தனி

டெக்ஸஸ், வாஷிங்டன், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, அங்கே இருப்பவர்கள் இந்தப் பத்தியை விடலாம். கலிஃபோர்னியாவில் டிஇ 4, நியூயார்க்கில் ஐடி-2104, நியூ ஜெர்சியில் என்ஜே-டபிள்யூ4. ஃபெடரல் படிவத்தை மாற்றினால் இவை தானாக மாறாது. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்குச் சொல்கிறேன், என்ஜே-டபிள்யூ4 படிவத்தில் இரண்டு சம்பளத்துக்கும் ஏற்ற எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதை விட்டால் மாநிலத்துக்கும் ஏப்ரலில் பாக்கி வரும்.

மாற்றிய பிறகு சரிபார்ப்பது

கொடுத்த உடனே மாறாது. புதுப் படிவம் கையில் கிடைத்த 30 நாளைக்குப் பிறகு வரும் பேரோலிலிருந்து ஆபீஸ் அதைச் செயல்படுத்தினால் போதும் என்பதே விதி, பெரும்பாலும் ஒன்று இரண்டு பேசெக்கில் மாறிவிடும். மாறியதும் இருவர் பேஸ்டப்பிலும் ஃபெடரல் டேக்ஸ் வரியைப் பாருங்கள். இதுவரை பிடித்தது, அதோடு இந்தப் பேசெக்கில் பிடித்ததை மிச்சமுள்ள பேசெக் எண்ணிக்கையால் பெருக்கியது, இரண்டையும் இருவருக்கும் கூட்டுங்கள். அந்தத் தொகை வருடத்தின் மொத்த வரிக்கு அருகில் இருந்தால் போதும். சில நூறு டாலர் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம்.

குறைகிறது என்றால் அபராதம் எப்போது வராது என்று தெரிந்துகொள்ளுங்கள்: பாக்கி 1,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது இந்த வருட வரியில் 90 சதவீதம் கட்டியிருக்க வேண்டும், அல்லது போன வருட மொத்த வரி அளவுக்குக் கட்டியிருக்க வேண்டும். போன வருடம் வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கடைசிக் கணக்கு 110 சதவீதம்.

அக்டோபரில்தான் தவறு தெரிகிறது என்றாலும் வழி உண்டு. பேசெக்கில் பிடிக்கும் வரியை வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும், டிசம்பரில் பிடித்தாலும் அப்படித்தான். அதனால் 4,000 டாலர் குறைகிறது, ஐந்து பேசெக் மிச்சம் என்றால் 4சி-யில் 800 என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாமாகக் காலாண்டுக்கு ஒரு முறை கட்டும் எஸ்டிமேட்டட் டேக்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. டிசம்பர் கடைசிப் பேசெக் வந்ததும் அந்த 800-ஐ எடுத்துவிட்டு, 2சி டிக்கும் ஒரே படிவத்தில் 2,200-உம் இருக்கும்படி ஜனவரிக்கான புதுப் படிவத்தைப் போட்டுவிடுங்கள், இருவரும் ஒரே நாளில், ஒரே மேஜையில் உட்கார்ந்து.